பங்குக் கிணறு

சிறுப்பிட்டியில் ஒரு பெடியனுக்கு முதன்முதல் கிடைக்கிற உத்தியோகம் தண்ணி மாறுகிறது. பள்ளிக்கூடத்துக்குப் போகிற வயது வந்தால் போதும். விடியப்புறம் எழுப்பி, தேய்ந்துபோன ஒரு மண்வெட்டியைக் கையில் தந்து, தோட்டத் தறையின் தொங்கலில் கொண்டுபோய் நிறுத்திவிடுவார்கள். கிணற்றடியில் பெரியவர்கள் இறைப்பார்கள். வாய்க்காலால் தண்ணீர் ஓடிவரும். ஒரு பாத்தி நிரம்பினால் அதன் வாயை மண்போட்டு அடைத்து, அடுத்த பாத்தியின் வாயை வெட்டிவிட வேண்டும். வேலை இவ்வளவுதான். ஆனால் நின்றபடி ஒரு கண் அயர்ந்தால் பாத்தி உடைக்கும். உடைத்தால், அங்கே இருவர் கால்நோக ஏற்றிய தண்ணீர் பக்கத்துத் தறைக்குப் போய்ச் சேரும்.

"டேய், தண்ணி எங்கை போகுது?" என்று கிணற்றடியிலிருந்து ஐயாவின் குரல் வரும். இருட்டுக்குள் அவருக்கு எப்படித் தெரிகிறது என்று நான் திகைத்திருக்கிறேன். வாய்க்கால் எங்கோ உடைப்பெடுத்தால் கிணற்றடியில் தண்ணீர் இழுபட்டு ஓடும். வாய்க்காலின் நிறைவு இறங்கும். அவர் காலை வாய்க்காலுக்குள் வைத்துக்கொண்டுதான் பட்டை பிடிப்பார். கணுக்காலில் தண்ணீர் குறைந்தால் நான் நித்திரை என்று அர்த்தம்.

நான் 1951இல் பிறந்தவன். இந்த ஊரிலேயே கமம் செய்து, இந்த ஊரிலேயே கிழவனானவன். சிறுப்பிட்டியை வெளியூரார் அறிவது சி. வை. தாமோதரம்பிள்ளை பிறந்த ஊராக. தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த மனிதர் அவர். ஊருக்குள் இருந்த எங்களுக்கு ஏடு எட்டாது. எங்களுக்கு எட்டியது புகையிலை. பருத்தித்துறை வீதியில் நீர்வேலி தாண்டிப் புத்தூருக்கு முன்னால் வரும் ஊர். மேற்கே செம்மண் தோட்டம், கிழக்கே தாழ்ந்த வயல்வெளி, அதற்கும் அப்பால் உப்புநீர். சிறுவயதில் இந்த மூன்றும் ஒரே பிள்ளையார் கோயிலடியிலிருந்து நடந்துபோகிற தூரம்தானே என்று நினைத்திருந்தேன். உப்பு எங்களுக்கு அவ்வளவு கிட்ட இருக்கிறது என்று யோசிக்கிற வயது இல்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடுகிற ஆறு கிடையாது. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை வாடைக்காற்றோடு பெய்கிற மழைதான் ஆண்டு முழுமைக்குமான முதல். அது செம்மண்ணால் இறங்கிக் கீழேயுள்ள சுண்ணாம்புக் கல்லின் பொந்துகளில் தங்கும். அந்தக் கல்லை வெடி வைத்து உடைத்துக் கிணறு வெட்டினார்கள். புத்தூர் நிலாவரைக் கிணறு எங்களுக்கு அயல். அதில் தேசிக்காய் போட்டால் கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்று ஆச்சி சொல்லுவா. நாங்களும் போட்டுப் பார்த்தோம். கீரிமலையில் நின்று பார்க்கத்தான் ஆளில்லை. இராமர் அம்பு விட்டு உண்டாக்கிய கிணறு, அடியே இல்லை என்பது ஊர்க்கதை. 1859இல் வந்த தன் இலங்கை நூலில் எமர்சன் ரெனன்ற் துரையும் இந்தக் கிணற்றை வியந்து எழுதியிருக்கிறார். அளந்து பார்த்தவர்கள் சொன்ன சங்கதி, மேலே உள்ளது நல்ல தண்ணீர், ஆழத்தில் உள்ளது உப்பு என்பது. இராமரின் அம்பைவிட எனக்கு இதுதான் இப்போது பெரிய ஆச்சரியம்.

அந்த நல்ல தண்ணீரை மேலே ஏற்றியது துலா; அதைக் காணாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லவேண்டும். கிணற்றடியில் இரண்டு ஆடுகால். அவற்றுக்குக் குறுக்கே அச்சுமரம். அதன்மேல் நீளமான துலா, நடுவில் தாங்கி நிற்கும். துலாவின் நுனியிலிருந்து கிணற்றுக்குள் துலாக்கொடி தொங்கும்; கொடியின் முனையில் பனையோலையால் இழைத்த பட்டை. துலாவின்மேல் ஏறியவர் நுனிப்பக்கம் நடந்தால் பட்டை கிணற்றுக்குள் இறங்கும்; அடிப்பக்கம் திரும்பி நடந்தால் நிறைந்த பட்டை மேலே வரும். கிணற்றுக் கட்டில் நிற்பவர் அதைப் பிடித்து வாய்க்காலில் சரிப்பார். கிணறு ஆழமென்றால் இருவர், மூவர் மிதிப்பார்கள். பனிக்காலத்தில் மரம் வழுக்கும். கைபிடிக்க ஒரு மூங்கில் கட்டியிருக்கும், அவ்வளவுதான் காப்பு. விடியப்புறம் மூன்று மணிக்குத் தொடங்கினால் வெயில் ஏறும்வரை அந்த நடைதான்: ஒரு பனையின் நீளத்துக்குள் போவதும் வருவதுமாக ஒரு மனிதன் நாளுக்கு எத்தனை மைல் நடந்தான் என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

எங்கள் துலாவை மிதித்தவர்கள் ஒரு தகப்பனும் மகனும். மகன் என்னைவிட மூன்று நாலு வயது மூத்தவன். வாய்க்காலில் கிடக்கும் சருகைக் காலால் தள்ளிவிடவும், பாத்தி வாயை ஒரே வெட்டில் திறக்கவும் எனக்குச் சொல்லித் தந்தவன் அவன்தான். இறைப்பு முடிந்தால் அவர்கள் இருவரும் கிணற்றுக் கட்டுக்கு வெளியே வந்து குந்துவார்கள். அம்மா மேலே நின்று செம்பால் ஊற்ற, அவர்கள் பனையோலைப் பிளாவில் ஏந்திக் குடிப்பார்கள். விடிய விடிய அந்தக் கிணற்றிலிருந்து தண்ணீரை ஏற்றியவருக்கு அதே கிணற்றில் தானாக ஒரு வாளி அள்ளிக் குடிக்க உரிமை இல்லை. வேலைக்கு நின்ற துலாவில் தீட்டு இல்லை. தாகத்துக்குத் தொட்டால் தீட்டு. நாங்கள் பிள்ளைகள் இதை மழை பெய்வதுபோல இயற்கையானதென்று பார்த்துக்கொண்டு நின்றோம். தீண்டாமைக்கு எதிரான சமூகக் குறைபாடுகள் தடைச்சட்டம் 1957இலேயே வந்துவிட்டது. ஆனால் சட்டம் கொழும்பிலிருந்து எங்கள் கிணற்றுக் கட்டுக்கு வந்துசேரக் கனகாலம் எடுத்தது. கே. டானியல் 'தண்ணீர்' என்றே ஒரு நாவல் எழுதினார். அதை வாசித்தபோது எனக்குக் கதை புதிதாக இருக்கவில்லை. இதைச் சொல்லாமல் "அந்தக்காலத்துத் துலா, அந்தக்காலத்துக் கூட்டு வாழ்க்கை" என்று உருகுகிற கட்டுரைகளை நான் நிறைய வாசித்திருக்கிறேன். அவற்றை எழுதியவர்களில் துலா மிதித்தவர் எவருமில்லை.

கிணறு எங்களுடையது மட்டும் அல்ல. எட்டுப் பங்கு. ஒவ்வொரு பங்குக்கும் அரைநாள். காலை முறை, பின்னேர முறை. ஆக நாலு நாளுக்கு ஒருதரம் எங்கள் முறை வரும். வெங்காயத்துக்கும் ஏறத்தாழ நாலு நாளுக்கு ஒரு தண்ணீர் காணும். முந்தினோர் பயிரின் தாகத்தைப் பார்த்துப் பங்கை வகுத்தார்களோ, பங்கு வந்த கணக்குக்குப் பயிரைப் பழக்கினார்களோ, எப்படியோ இரண்டும் பொருந்தின. காணி உறுதியில் "கிணற்றில் எட்டிலொரு பங்கும் வழி வாய்க்கால் துலா உரித்துகளும்" என்று எழுதியிருக்கும். பரப்புக் கணக்கில் காணி, அதனோடு நேரக் கணக்கில் தண்ணீர். தண்ணீர் இல்லாத தோட்டக் காணியை எங்கள் பகுதியில் எவரும் சீதனத்துக்கு ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மகளுக்குச் சீதனம் எழுதுகிறபோது எட்டிலொன்று பதினாறிலொன்றாகும். அடுத்த தலைமுறையில் முப்பத்திரண்டிலொன்று. முறை மாறுகிற நேரத்துக்கு மணிக்கூடு இல்லை. ஆடுகாலின் நிழல் கிணற்றுக் கட்டின் ஒரு குறித்த கல்லைத் தொட்டால் பின்னேர முறைக்காரர் வந்து நிற்பார். மப்பு நாளில் சண்டை வரும். பெரும்பாலும் வாய்ச்சண்டை. சில குடும்பங்கள் அப்படி வந்த கோபத்தில் இரண்டு தலைமுறைக்குக் கொண்டாட்டம் நிறுத்தியிருந்தன.

புகையிலைதான் முதற் பயிர். மழை தொடங்குமுன் தறையில் ஆட்டுப்பட்டி அடைப்பார்கள். குழை தாழ்ப்பார்கள்: பூவரசங்குழை, காவிளாய், ஆமணக்கு, கிடைத்ததெல்லாம். வேலியிலிருந்து கழற்றிய பழைய பனையோலையும் மண்ணுக்குள்தான் போகும். முதலில் கூரையாக இருந்து, பிறகு வேலியாகி, கடைசியில் பசளையாகும் அந்த ஓலையை எங்கள் ஊரில் ஒருவரும் எரித்ததை நான் காணவில்லை. கன்று நட்ட முதல் நாள்களில் வாய்க்கால் தண்ணீர் பாய்ச்சக்கூடாது. ஒவ்வொரு கன்றுக்கும் ஓலைத்துண்டால் மறைப்புக் கட்டி, காலையும் மாலையும் கையால் ஊற்ற வேண்டும். அது பெண்களினதும் பிள்ளைகளினதும் வேலை. கன்று வளர்ந்து கொழுந்து முறித்த பிறகு இலைக்கக்கத்தில் கெட்டுக் கிளம்பும். கெட்டு முறிக்கப் போனால் பிசின் கையில் கறுப்பாக ஒட்டும். சாம்பலும் புளியும் போட்டு உரஞ்சினாலும் மத்தியானச் சோறு கைக்கும். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கையைப் பார்த்தே யார் புகையிலைத் தோட்டத்திலிருந்து வருகிறான் என்று சொல்லிவிடுவார். வெட்டிய இலையைக் குடிலில் கட்டிப் பொச்சுமட்டைப் புகை போடுகிற நாள்களில் ஊர் முழுவதும் அந்த மணம். எங்கள் புகையிலை திருவிதாங்கூர்ச் சந்தைக்கும் போனது, சுருட்டாகித் தெற்கே சிங்கள ஊர்க் கடைகளுக்கும் போனது. ஐயா சுருட்டுக் குடிக்கமாட்டார். புகையிலை விற்ற காசில் என்னைப் படிப்பித்தார்.

தண்ணீர் இறைக்கிற மெசின் வந்தது அறுபதுகளில். எங்கள் கிணற்றில் முதலில் வைத்தவர் மற்றப் பங்குக்காரர் ஒருவர். பெற்றோல் விட்டுக் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வருவார்கள். துலாவால் அரைநாள் எடுத்த தறைக்கு அது ஒரு மணித்தியாலம் சொச்சம் போதுமென்றது. ஊரே வந்து பார்த்தது. நான் மகிழ்ச்சியில் துள்ளினேன், ஏனென்றால் விடியப்புறம் எழும்பத் தேவையில்லை. என் பாட்டன், அப்பு, மட்டும் கிணற்றுக் கட்டில் குந்தியிருந்து குழாயையே பார்த்தார். "பட்டைக்குத் தப்பின தண்ணி மெசினுக்குத் தப்பாது" என்றார். கிழவருக்குப் புதுசு பிடிக்கவில்லை என்று எல்லோரும் சிரித்தார்கள்.

துலா மிதித்த குடும்பத்துக்கு அந்த ஆண்டோடு வேலை போனது. தகப்பன் கூலிக்கு மண் கொத்தினார். மகன் பின்னர் வன்னிக்குப் போய்க் காடு வெட்டிக் காணி எடுத்தான். நன்றாக இருந்தான் என்று கேள்விப்பட்டேன். தன் கிணற்றில் தானே அள்ளிக் குடித்திருப்பான்.

1970இல் வந்த அரசாங்கம் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு இறக்குமதியை இறுக்கியது. யாழ்ப்பாணக் கமக்காரனுக்கு அப்படியொரு காலம் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அதே காலத்தில் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்தது. பல்கலைக்கழகம் போயிருக்கவேண்டிய பெடியங்கள் பலர் மண்வெட்டியோடு தோட்டத்தில் இறங்கினோம். உயர்தரத்தில் தாவரவியல் படித்தவன் மிளகாய்ச் செடியில் இலைச்சுருளைப் பார்த்துக்கொண்டு நின்றான். வேதாளன் வெங்காயம் கட்டுக்கட்டாகக் கொழும்புக்கு லொறி ஏறியது. மண் வீடுகள் கல்வீடுகளாயின. நானும் கலியாணம் கட்டினேன். 1977இல் ஆட்சி மாறி இறக்குமதியைத் திறந்துவிட்டார்கள். வெங்காயம் தறையிலேயே கிடந்த நாள்கள் வந்தன. என்னோடு மண்வெட்டி பிடித்தவர்கள் ஒவ்வொருவராக மத்திய கிழக்குக்கும், பிறகு ஐரோப்பாவுக்கும் போனார்கள்.

அந்த நல்ல காலம் கிணற்றுக்கு நல்லதாக இருக்கவில்லை. முறை அப்படியேதான் இருந்தது, அரைநாள். ஆனால் அரைநாளில் ஒரு துலா ஏற்றுவதும் ஒரு மெசின் இழுப்பதும் ஒன்றா? தறையைப் பெருப்பித்தோம். குத்தகைக்கு எடுத்தோம். சித்திரை வைகாசியில் ஊற்று ஊறும்வரை மெசினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தோம். ஒருநாள் மிளகாய் இலையின் ஓரம் கருகியிருந்தது. நோய் என்று மருந்தடித்தோம். அந்த நேரம் வந்த விவசாயப் போதனாசிரியர் ஒருவர் இலையைப் பார்க்கவில்லை; கிணற்றுத் தண்ணீரைக் கையில் அள்ளி வாயில் வைத்துத் துப்பினார். "சவர்" என்றார்.

பிறகு கிணற்றுக் கட்டில் இருந்துகொண்டு எங்களுக்கு ஒரு பாடம் எடுத்தார். குடாநாட்டின் கீழே நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின்மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஒரு அடி உயர்ந்து நின்றால், அந்த எடையைத் தாங்க மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு நல்ல தண்ணீர் நிற்கும். மேலே ஒரு அடி இழுத்துவிட்டால் கீழே உப்பு நாற்பது அடி ஏறப்பார்க்கும். கிணறு வற்றவில்லையே என்று நாங்கள் பெருமை பேசினோம். வற்றுகிற கிணறு நல்லது, அது உன்னை நிறுத்தும். வற்றாத கிணறு உப்பைக் கொண்டுவந்து தரும் என்றார் அவர். அப்பு அப்போது உயிரோடு இல்லை.

ஒன்று எனக்கு விளங்கியது. துலாக் காலத்துக் கமக்காரர் தண்ணீரைச் சேமித்தவர்கள் அல்லர்; அவர்களுக்கு அந்த எண்ணமே இருக்கவில்லை. மனிதக் கால் அதற்குமேல் இழுக்காது, அதுதான் காரணம். கிணற்றைக் காத்தது கூலிக்காரரின் களைப்பு. முறை என்ற ஏற்பாடு முழுவதும் அந்தக் களைப்பின்மேல் கட்டியது. களைப்பை எடுத்துவிட்டு முறையை மட்டும் வைத்துக்கொண்டால் அது வெறும் நேர அட்டவணை. லீற்றரில் பங்கு பிரிக்க எங்களுக்குத் தோன்றவில்லை.

1990இல் பொருளாதாரத் தடை வந்தது. மண்ணெண்ணெயும் யூரியாவும் தடைப்பட்டியலில். மோட்டார் சைக்கிளைச் சூப்பிப் போத்தலால் பெற்றோல் துளி விட்டுக் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம். ஜாம் போத்தல் விளக்குக்கே எண்ணெய் பார்த்துப் பார்த்து விட்டவர்கள் மெசினுக்கு எங்கே போவது? கிணற்றடியில் ஒரு மூலையில் கிடந்த ஆடுகாலை மறுபடி நட்டோம். பட்டை இழைக்கத் தெரிந்த ஒரு கிழவரைத் தேடிப் பிடித்தோம். இந்தமுறை மிதிக்க ஆள் கூப்பிட முடியவில்லை. கூப்பிட்டால் வர யாரும் இல்லை, வரவேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. நானும் மச்சானும் மிதித்தோம். எனக்கு அப்போது நாற்பது வயது. முதல் கிழமை கெண்டைக்கால் இறுகி, இரவில் நித்திரை இல்லை. மூங்கிலைப் பிடித்த உள்ளங்கை தோலுரிந்தது. அந்தத் தகப்பனும் மகனும் ஆண்டுக்கணக்காக இதைச் செய்துவிட்டுக் கட்டுக்கு வெளியே குந்தித் தண்ணீர் குடித்தார்கள் என்பதை என் கால் எனக்குச் சொன்னது. அம்மா உயிரோடு இருந்தா. நாங்கள் துலாவால் இறங்கி வாளியில் அள்ளி மடமடவென்று குடித்தபோது பார்த்துக்கொண்டிருந்தா. ஒன்றும் பேசவில்லை.

மூன்றாம் நாலாம் ஆண்டில் எங்கள் கிணற்றுச் சவர் குறைந்தது. தேத்தண்ணி குடித்தால் வித்தியாசம் தெரிந்தது. சுற்றிவர எந்தக் கிணற்றிலும் மெசின் இல்லை; பெய்த மழை அப்படியே கீழே கிடந்தது. போர் கிணற்றுக்கு நல்லது செய்தது என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நடந்தது அதுதான்.

1995 ஒக்டோபரில் இராணுவம் அச்சுவேலி, புத்தூர்ப் பக்கத்தால் முன்னேறி வர, நாங்கள் தென்மராட்சிக்கு ஓடினோம். 1996இல் திரும்பி வந்தபோது கிணற்றுக் கட்டு சிதறியிருந்தது. துலாவை யாரோ விறகாக்கியிருந்தார்கள். கிணற்றுக்குள் என்ன கிடக்குமோ என்று பயந்து பயந்து கலக்கி இறைத்தோம். அதற்குப் பிறகு துலா நடவில்லை. மண்ணெண்ணெய் வந்தது, மெசின் வந்தது, யூரியா மூட்டை மூட்டையாக வந்தது. முன்பு குழை தாழ்த்த இடத்தில் இப்போது வெள்ளைக் குறுணி. பாத்தியில் போட்ட உரம் பயிருக்குப் போனது கொஞ்சம். மிச்சம் நான் பாய்ச்சிய தண்ணீரோடேயே நான் குடிக்கிற கிணற்றுக்குள் போனது. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் அதைத் தாண்டிவிட்டது. சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் மிதந்த கதை உலகம் அறிந்தது. அங்கே மிதந்தால் இங்கே எங்களுக்கென்ன என்று எங்கள் ஊரில் சிலர் கேட்டார்கள். தேசிக்காய்க் கதையை ஆச்சியிடம் கேட்டு வளர்ந்தவர்கள் அப்படிக் கேட்கலாமா?

2021இல் இரசாயன உரத்துக்கு ஒரே நாளில் தடை போட்டார்கள். ஆண்டு முடியமுன் எடுத்தார்கள். இயற்கைப் பசளை நல்லதென்று எனக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. ஆனால் ஆடும் இல்லை, பனையோலை வேலியும் இல்லை, தகரமும் மதிலும் நிற்கிற ஊரில் எதைத் தாழ்ப்பது? 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. அன்றோடு மெசினைக் கொட்டிலுக்குள் தள்ளிவிட்டு மின்சார மோட்டருக்கு மாறினேன். தெளிப்பான் போட்டிருக்கிறேன். வாய்க்காலில் மண்ணுக்குள் போய்விடுகிற தண்ணீர் மிச்சம். தண்ணி மாற ஒரு பெடியன் தேவையில்லை. தேவைப்பட்டாலும் பெடியன் இல்லை.

எட்டுப் பங்கு இப்போது அறுபத்திநாலிலொன்றுவரை உடைந்திருக்கிறது. பங்குக்காரரில் பெரும்பகுதி ரொறன்ரோவிலும் லண்டனிலும் சுவிசிலும். உறுதியில் அவர்களுக்கு வழி வாய்க்கால் துலா உரித்து எல்லாம் இருக்கிறது. ஊரில் தோட்டம் செய்கிற நாங்கள் மூன்று பேர் முறையைக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறோம். நேரத்தை அல்ல, மோட்டரின் மீற்றர் இலக்கத்தை. இந்த ஏற்பாட்டுக்கு ஒப்புக்கொள்ள வைக்க எனக்கு இரண்டு போகம் எடுத்தது.

சென்ற ஆண்டு ரொறன்ரோப் பங்குக்காரர் ஒருவர் வந்து நின்றார். என்னோடு எழுபதுகளில் மிளகாய் போட்டவர். ஊருக்கு ஏதாவது செய்யவேண்டும் என்ற நல்ல மனம். கிணற்றுக்குள் குழாய் இறக்கி ஆழமாகத் துளைத்துவிட்டால் ஆண்டு முழுக்கத் தண்ணீர், முழுச் செலவும் தன்னுடையது என்றார். துளைக்கிற ஆளையும் கையோடு கூட்டி வந்திருந்தார். "அண்ணை, நீங்கள் வேண்டாமென்று சொல்லுவியள் எண்டு எனக்குத் தெரியும். ஆனா பெடியள் கமம் செய்ய வாறதெண்டால் தண்ணி காட்டவேணுமே" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. தண்ணீரை முன்வைக்காமல் எந்தப் பெடியனைத் தோட்டத்துக்குக் கூப்பிடுவது?

பங்குக் கிணற்றில் கைவைக்க எல்லாப் பங்குக்காரரின் சம்மதமும் வேண்டும். அவர் வெளிநாடுகளிலிருந்து சம்மதக் கடிதங்களை ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டிருக்கிறார். ஊரில் மற்ற இருவரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். என் கடிதம் மேசையில் கிடக்கிறது. போன கிழமை தொலைபேசியில் கேட்டார். மாசி மாதம் தண்ணீரின் உப்பை அளந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அதுவரை துளைக்கிற ஆளுக்கு முற்பணம் கொடுக்கவேண்டாம் என்றும் சொன்னேன்.